பரக்கத் என்றால் நேரம் நீளுமா?

"நேரத்துல பரக்கத்தே இல்ல." வாரத்துக்கு நாலு தடவையாவது இதைக் கேட்கிறேன். நானும் இரண்டு தடவை சொல்லியிருப்பேன். ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகை) எழுந்தது ஞாபகம் இருக்கிறது, இஷா (இரவுத் தொழுகை) தொழுதது ஞாபகம் இருக்கிறது, நடுவில் இருந்த மணி நேரங்கள் எந்தப் பக்கம் போயின என்றுதான் தெரியவில்லை. உடனே பழி பரக்கத்தின் மேல் விழுகிறது, வரவேண்டிய விருந்தாளி நம் வீட்டு வாசலை மறந்துவிட்டுப் போனதைப் போல.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குப் பயனுள்ள முஸ்லிமாக வாழ்வது என்றால் ஒரு நீளமான பட்டியல். இத்தனை பக்கம் குர்ஆன், இத்தனை நஃபில் (கூடுதல் தொழுகை), இத்தனை திக்ர் (இறைநினைவு), நடுவில் உடற்பயிற்சி, அலுவலகம், குடும்பம். ஒரு ரமளானுக்கு முந்தைய இரவு நானும் அப்படி ஒன்று எழுதினேன். 23 வரிகள் இருந்தன. நான்காம் நாள் அந்தத் தாள் நாலாக மடிந்து மேசை இழுப்பறைக்குள் போனது. பெருநாள் கழித்துச் சுத்தம் செய்யும்போதுதான் மறுபடி கண்ணில் பட்டது.

முதல் கூட்டம் பரக்கத்தை அதிர்ஷ்டம் என்று நினைக்கிறது. இரண்டாவது கூட்டம் அதை வெறும் கூட்டல் கணக்காக நினைக்கிறது. இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லின் பொருள் கொஞ்சம் தவறிவிட்டது என்பது என் எண்ணம். அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு வாளித் தண்ணீர்

இரண்டு வாளிகளில் ஒரே அளவு தண்ணீர் இருக்கிறது. ஒன்றை வெயில் காயும் சிமெண்ட் தரையில் கொட்டுங்கள். நன்றாகப் பரவும், பார்க்க நிறையத் தெரியும், கால் மணி நேரத்தில் சுவடே இருக்காது. மற்றதை ஒரு செடியின் வேரடியில் ஊற்றுங்கள். பார்வைக்கு ஒன்றும் இல்லை, மண் கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கும் போகவில்லை. நாளைக்கு இலையாக வரும்.

பரக்கத் என்ற அரபுச் சொல்லின் வேரிலும் இந்தத் தங்குதல்தான் இருக்கிறது. ஒட்டகம் மண்டியிட்டு ஓரிடத்தில் படுப்பதற்கு அதே வேரிலிருந்து ஒரு வினைச்சொல் உண்டு. தண்ணீர் தேங்கி நிற்கும் குளத்துக்கு 'பிர்கா' என்று பெயர். ஆக, ஒரு பொருளில் அல்லாஹ் வைக்கும் நன்மை அதில் தங்கி நிற்பதும், நின்று பெருகுவதும்தான் பரக்கத். அளவு கூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருக்கிற அளவே போதுமானதாக, பலன் தருவதாக மாறிவிடும்.

"இருவரின் உணவு மூவருக்குப் போதும், மூவரின் உணவு நால்வருக்குப் போதும்" என்று நபி (ஸல்) சொன்னார்கள். தட்டில் இருக்கும் உணவு கூடியதாக அதில் இல்லை, போதும் என்றுதான் இருக்கிறது. நேரத்துக்கும் அப்படியே. பரக்கத் உள்ளவருக்கும் 24 மணி நேரம்தான், இல்லாதவருக்கும் 24 மணி நேரம்தான்.

இமாம் நவவீ அவர்களை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரீ 631இல் பிறந்து 676இல் இறந்தவர், 45 வயது. அதற்குள் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நூலுக்கு விரிவுரை, ரியாளுஸ் ஸாலிஹீன், நாற்பது ஹதீஸ் தொகுப்பு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். 700 வருடங்களுக்கும் மேலாகத் தினமும் எங்கோ ஒருவர் அவற்றைத் திறந்துகொண்டிருக்கிறார். (நாற்பது ஹதீஸ் என்று பெயர், உள்ளே எண்ணினால் 42 இருக்கும். பரக்கத் அங்கேயும்.) இந்த உதாரணத்தைக் கேட்டு "நான் எதற்குமே லாயக்கில்லை" என்று குறுகிப்போக வேண்டியதில்லை. ஒரு மனிதரின் உழைப்பு அவர் போன பிறகும் தங்கி நிற்க முடியும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

சரி, இது தானாக வந்து தானாகப் போகிற ஒன்றா? வியாபாரம் பற்றிய ஒரு ஹதீஸ் இதற்குப் பதில் சொல்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, சரக்கின் குறையை மறைக்காமல் சொன்னால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். பொய் சொல்லி மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும். நபித்தோழர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. இதை இரண்டாவது முறை படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்லி விற்றவருக்கும் லாபம் கையில் வந்திருக்கலாம், சில சமயம் அதிகமாகவே வந்திருக்கலாம். பணம் இருக்கிறது, பரக்கத் போய்விட்டது. அப்படியென்றால் பரக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. அது வருகிற வழியும் உண்டு, ஒழுகிப்போகிற ஓட்டையும் உண்டு.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் இருப்பதால் இது பட்டனை அழுத்தினால் பொருள் விழும் எந்திரமாக ஆகிவிடாது. உழுவதும் விதைப்பதும் விவசாயியின் கையில், மழை அவர் கையில் இல்லை. விதைக்காதவருக்கோ மழை பெய்தும் பயனில்லை.

இதுவரை பார்த்தது: நன்மை தங்கிப் பெருகுவது பரக்கத். அதைத் தருபவன் அல்லாஹ், அதற்கான நிலத்தைப் பண்படுத்துவது நம் வேலை. எப்படிப் பண்படுத்துவது என்பதுதான் இனி.

மீதி 23 மணி நேரம் எதற்கு?

"ஜின்களையும் மனிதர்களையும் என்னை வணங்குவதற்காகவே அன்றி நான் படைக்கவில்லை" என்கிறது குர்ஆன் (51:56). வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று தேடுபவருக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது. குழப்பம் அதற்கு அடுத்த படியில் வருகிறது.

ஒரு நாளின் பர்ளு (கடமையான) தொழுகை 17 ரக்அத் (தொழுகையின் சுற்று). ஒளூவையும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) சேர்த்து, அவசரப்படாமல் தொழுதாலும் ஐந்து வேளைக்கும் மொத்தமாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வணக்கம் என்பது இது மட்டும்தான் என்றால், படைக்கப்பட்ட நோக்கத்துக்கு ஒரு மணி நேரம், நோக்கமே இல்லாத வேலைக்கு 23 மணி நேரம் என்று கணக்கு வரும். எங்கோ இடிக்கிறது, இல்லையா?

பலர் இந்தக் கணக்கோடுதான் வாழ்கிறார்கள். 'தீனுக்கு (மார்க்கத்துக்கு) நேரம் ஒதுக்கணும்' என்பார்கள். அலுவலகம், பிள்ளைகள், துணி துவைப்பது, தூக்கம் எல்லாம் துன்யா (உலகக் காரியம்), அது தீனிடமிருந்து நேரத்தைத் திருடுகிறது என்பது போல ஒரு குற்ற உணர்வு. நோன்பும் தொழுகையும் மட்டும் கணக்கில் ஏறும், மற்றதெல்லாம் வீண் செலவு.

வணக்கத்தைக் குறிக்கும் இபாதத் என்ற சொல்லை அறிஞர்கள் அவ்வளவு குறுக்கவில்லை. அல்லாஹ் விரும்புகிற, பொருந்திக்கொள்கிற எல்லாச் சொல்லும் செயலும், வெளியில் தெரிவதும் உள்ளத்தில் இருப்பதும், இபாதத் என்றே விளக்கினார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம், சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பது தர்மம் என்று ஹதீஸ்கள் இருக்கின்றன. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றிருந்தபோது அவரிடம் நபி (ஸல்), அல்லாஹ்வின் திருப்தியை நாடி நீர் செய்யும் செலவு எதுவானாலும் அதற்குக் கூலி உண்டு, உம் மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும்கூட என்றார்கள்.

அந்த வாக்கியத்தில் 'அல்லாஹ்வின் திருப்தியை நாடி' என்ற சின்ன நிபந்தனை இருக்கிறது. கவளம் எல்லார் வீட்டிலும் கவளம்தான். அதை இபாதத்தாக மாற்றுவது அந்த நாட்டம்.

நிய்யத்: ஒரே பாதை, இரண்டு பயணிகள்

புகாரியின் முதல் ஹதீஸே இதுதான். "செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே, ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணியதே கிடைக்கும்." உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் நவவீயும் நாற்பது ஹதீஸை இதிலிருந்தே தொடங்குகிறார். பலருக்கு முதல் வரி மனப்பாடம், அதற்கு அடுத்து வரும் உதாரணத்தை யாரும் அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை.

மக்காவிலிருந்து மதீனாவுக்கு இருவர் ஹிஜ்ரத் (ஊர்விட்டு இடம்பெயர்வது) போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் பாலை. ஒருவர் அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் போகிறார். இன்னொருவர் ஏதோ ஓர் ஆதாயத்துக்காக, அல்லது ஒரு பெண்ணை மணப்பதற்காகப் போகிறார். அதே வெயில், அதே தாகம், ஒட்டகத்தின் முதுகில் அதே இடுப்பு வலி. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் முஹாஜிர்கள் (ஹிஜ்ரத் செய்தவர்கள்). முதலாமவரின் ஹிஜ்ரத் அல்லாஹ்வுக்கானது, இரண்டாமவரின் ஹிஜ்ரத் எதற்காகப் போனாரோ அதற்கானது. கவனியுங்கள், திருமணம் பாவமான காரியம் இல்லை. அவர் தேடியது அவருக்குக் கிடைக்கலாம். ஆனால் அவ்வளவுதான் கிடைக்கும்.

நிய்யத் என்பது ஒரு செயலை எதற்காக, யாருக்காகச் செய்கிறோம் என்ற உள்ளத்தின் தீர்மானம். அதன் இடம் உள்ளம். நம்மில் பலர் சின்ன வயதில் தொழுகைக்கு முன்னால் ஒரு வாசகமாக அதைக் கற்றுக்கொண்டதால், நிய்யத் என்றால் வாயால் சொல்வது, அதுவும் தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் சொல்வது என்றே மனதில் பதிந்துவிட்டது. அலுவலகத்துக்குக் கிளம்பும்போது நிய்யத் வைக்கலாம் என்றால் சிலர் சிரிக்கக்கூட செய்வார்கள்.

பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர். அதிகாலை மூன்று மணி. வயதான நோயாளி ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் புண் வராமல் இருக்க. யாரும் பார்க்கவில்லை. 'செய்தேன்' என்று தாளில் டிக் போட்டாலும் யாருக்கும் தெரியாது. சம்பளத்துக்காக மட்டும் வந்தவர் டிக் போடக்கூடும். 'இந்த உடம்பு அல்லாஹ்வின் அமானத் (ஒப்படைத்த பொருள்), இவரைக் கவனிப்பதை அவன் பார்க்கிறான்' என்று வந்தவர் எழுந்துபோய்ப் புரட்டுவார், தலையணையையும் சரிசெய்வார். சம்பளம் இருவருக்கும் ஒன்றே. இரண்டாமவரும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டு வாடகை அவரும் கட்டியாக வேண்டும். ஆனால் நிய்யத் வேலையின் தரத்தையே மாற்றிவிட்டது. நிய்யத்தை வெறும் மறுமைக் கணக்காக மட்டும் நினைக்கிறவர்கள் தவறவிடும் இடம் இது.

இதில் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. முதலாவது, நல்ல எண்ணம் இருந்தால் எதையும் செய்யலாம் என்பது. திருடித் தர்மம் செய்தால் அது திருட்டுத்தான். நிய்யத் அனுமதிக்கப்பட்ட காரியத்தை உயர்த்தும், ஹராமை (தடுக்கப்பட்டதை) கழுவித் தராது. இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது: காலையில் "எல்லாம் அல்லாஹ்வுக்காக" என்று மொத்தமாக ஒரு முத்திரை குத்திவிட்டு, அப்புறம் நாள் முழுக்கக் கடனே என்று வேலை பார்ப்பது. அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலை அரைகுறையாக இருக்குமா என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொண்டால் அந்த முத்திரையின் கனம் தெரிந்துவிடும்.

நிய்யத் நடுவில் மாறும். நல்லபடி தொடங்கிய வேலை பாதியில் பாராட்டுக்காக ஆகிவிடும். அதற்குக் கலங்க வேண்டாம். தெரிந்தவுடன் திருப்பி வைத்துக்கொள்வதுதான் பயிற்சி.

இதுவரை: இபாதத் ஒரு மணி நேரத்தோடு முடிகிற காரியம் அல்ல. அன்றாட வேலையை இபாதத்தாகத் திருப்புவது நிய்யத். தண்ணீர் உவமையில் சொன்னால், வாளியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

வக்து: நாளை இழுத்துக் கட்டும் ஐந்து முளைகள்

எண்ணம் மட்டும் இருந்தால் போதாது. எண்ணம் காற்றில் பறக்கும் துணி மாதிரி, எங்காவது கட்டிவைக்க வேண்டும். கூடாரம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் துணி நிற்கும், உள்ளே ஆள் இருக்க இடம் கிடைக்கும். முளை இடத்தை அடைக்கிறது என்று யாரும் பிடுங்கி எறிவதில்லை.

"நிச்சயமாகத் தொழுகை இறைநம்பிக்கையாளர்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமையாக இருக்கிறது" (4:103). நேரம் குறிக்கப்பட்டது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய சொல். ஒவ்வொரு தொழுகைக்கும் உரிய அந்தக் கால வரம்பே வக்து. நம்மில் பலர் ஒரு நாளை அலுவலக நேரத்தை வைத்து வகுத்துவிட்டு, இடைவெளிகளில் தொழுகையைச் செருகுகிறோம். அதனால்தான் லுஹர் (நண்பகல் தொழுகை) எப்போதும் வேலைக்கு 'இடைஞ்சலாக' வருகிறது. அஸர் (மாலைத் தொழுகை) கூட்டத்தில் சிக்கிக்கொள்கிறது, மஃரிப் (அந்தித் தொழுகை) வாகன நெரிசலில் போகிறது, இரவு படுக்கும்போது ஒரு களா (நேரம் தவறிய தொழுகை), இரண்டு களா.

தலைகீழாகச் செய்து பாருங்கள். முதலில் ஐந்து முளை, பிறகு மற்றவை. ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் நடுவில் மூளைக்கு அதிக வேலை கொடுக்கும் காரியம். லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் பேச வேண்டியவை, பதில் எழுத வேண்டியவை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் வீட்டார். "அஸருக்குப் பிறகு பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்வதற்கும் "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

இந்த முளைகள் கடிகாரத்தில் அடிக்கப்பட்டவை அல்ல என்பது எனக்குப் பிடித்த விஷயம். சூரியனோடு நகர்கின்றன. கோடையில் ஃபஜ்ர் முன்னால் ஓடும், இஷா பின்னால் தள்ளிப்போகும். குளிர்காலத்தில் லுஹரும் அஸரும் மஃரிபும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். அதனால் ஜனவரியில் போட்ட டைம்டேபிள் ஜூலைக்கு ஆகாது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாளைத் திரும்ப அடுக்கத்தான் வேண்டும்.

வேலையா தொழுகையா என்ற சண்டைக்கு குர்ஆனின் ஜுமுஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) அத்தியாயத்தின் இரண்டு வசனங்கள் (62:9-10) தரும் தீர்ப்பு அழகானது. ஜுமுஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு அல்லாஹ்வின் நினைவுக்கு விரையுங்கள் என்கிறது ஒன்று. அடுத்ததே, தொழுகை முடிந்துவிட்டால் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது. கடையை மூடு என்று சொன்ன அதே மூச்சில் கடையைத் திற என்றும் சொல்கிறது. சம்பாதிப்பதை 'அல்லாஹ்வின் அருளைத் தேடுவது' என்று பெயர் சொல்லி அழைக்கிறது.

முதல் முளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் விழுகிறோம். ஒருவர் தூங்கும்போது ஷைத்தான் அவருடைய பிடரியில் மூன்று முடிச்சுகள் போடுகிறான் என்று நபி (ஸல்) சொன்னார்கள். ஒவ்வொரு முடிச்சிலும் "இரவு இன்னும் நீளமாக இருக்கிறது, தூங்கு" என்று சொல்லி அடிக்கிறான். எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒரு முடிச்சு அவிழும். ஒளூ செய்தால் இரண்டாவது. தொழுதால் மூன்றாவது. அப்போது அவர் சுறுசுறுப்பாக, நல்ல மனதோடு காலையை அடைகிறார். இல்லையென்றால் சோம்பலோடும் கெட்ட மனநிலையோடும் காலை விடிகிறது.

"இரவு இன்னும் நீளமாக இருக்கிறது, தூங்கு." செல்போனில் அலாரம் அடித்ததும் கட்டைவிரல் தானாகப் போய் 'இன்னும் ஒன்பது நிமிடம்' என்ற பட்டனைத் தொடுகிறதே, அந்த நேரத்தில் காதில் கேட்பது அட்சரம் பிசகாமல் இதேதான். ஹதீஸ் சொல்லும் வைத்தியமும் படிப்படியாக இருக்கிறது. முதலில் நாக்கு மட்டும் அசைந்தால் போதும், படுத்தபடியே. பிறகு தண்ணீர். பிறகுதான் நிற்பது. மூன்றையும் ஒரே தாவலில் தாண்டப் பார்ப்பவர்தான் போர்வைக்குள் திரும்பிவிடுகிறார்.

"இறைவா, என் சமுதாயத்துக்கு அதன் அதிகாலையில் பரக்கத் செய்வாயாக" என்பது நபி (ஸல்) கேட்ட துஆ (பிரார்த்தனை). அதை அறிவித்த ஸக்ர் (ரலி) ஒரு வியாபாரி. தன் சரக்குகளைக் காலையின் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவார், செல்வம் பெருகியது என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. இரவுப் பணிக்குப் போகிறவருக்கு இது பொருந்தாதே என்று கேட்கலாம். அவருக்கு விடியல் நாளின் முடிவாக இருக்கும், ஆனால் ஐந்து முளைகளும் அவருக்கும் உண்டு, அவற்றுக்கு நடுவில் தூக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாதவிடாயால் தொழுகையில்லாத நாட்களில் இருக்கும் பெண்களும் பாங்கு சொன்னதும் அதே நேரத்தில் ஐந்து நிமிடம் திக்ரிலும் துஆவிலும் உட்கார்ந்தால் அந்த வாரம் கூடாரம் சரியாமல் நிற்கும்.

23 வரிப் பட்டியல் ஏன் மடிந்தது

என் பட்டியலுக்கு நேர்ந்த கதிக்கு நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஒரே ஒரு ஹதீஸ் போதும்: அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான செயல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது. இப்படி ஒன்றில் நிலைத்து நிற்பதை இஸ்திகாமத் என்பார்கள். தினம் அரைப் பக்கம் குர்ஆனைப் பொருளோடு ஓதுபவர் வருடத்தில் 180 பக்கங்களைத் தாண்டிவிடுவார். ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறேன் என்று தொடங்கியவர் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் நிற்பார். நானும் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு பழக்கம் வேர்பிடிக்கும்வரை அடுத்ததைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஸல்மான் (ரலி) வந்த இரவு

இனி எதிர்ப்பக்கம். மார்க்கத்தில் உற்சாகம் வந்ததும் சிலர் மற்ற எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுவார்கள்.

மதீனாவில் நபித்தோழர்களான ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவரையும் நபி (ஸல்) சகோதரர்களாக ஆக்கியிருந்தார்கள். ஒருநாள் ஸல்மான் அபுத்தர்தாவின் வீட்டுக்குப் போகிறார். அபுத்தர்தாவின் மனைவி தன்னைக் கவனிக்காத கோலத்தில் இருக்கிறார். என்ன இது என்று கேட்டால், "உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்தத் தேவையும் இல்லை" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு மனக்குறை! அபுத்தர்தா வந்து உணவு வைக்கிறார், "நீங்கள் சாப்பிடுங்கள், நான் நோன்பு" என்கிறார். "நீர் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்" என்கிறார் ஸல்மான். அபுத்தர்தாவும் சாப்பிடுகிறார். இரவு வந்ததும் அபுத்தர்தா தொழ எழுகிறார். "தூங்கும்." தூங்குகிறார். மறுபடி எழுகிறார். "தூங்கும்." இரவின் கடைசிப் பகுதியில்தான் "இப்போது எழும்" என்கிறார் ஸல்மான். இருவரும் தொழுகிறார்கள். பிறகு ஸல்மான் சொல்கிறார்: "உம் இறைவனுக்கு உம் மீது உரிமை உண்டு, உம் உயிருக்கு உரிமை உண்டு, உம் குடும்பத்துக்கு உரிமை உண்டு. உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடும்." நபியிடம் போய்ச் சொன்னபோது, "ஸல்மான் உண்மையைச் சொன்னார்" என்றார்கள்.

இங்கே உரிமை என்று நான் எழுதுவது 'ஹக்' என்ற சொல்லை. நாம் பொதுவாக நேரத்தைப் பங்குபோடும்போது 'எனக்கு எது முக்கியம்' என்று கேட்கிறோம். ஸல்மானின் கேள்வி, யாருக்கு நான் என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பது. தூக்கம்கூட அதில் உடம்பின் ஹக்காக வருகிறது. வீட்டார் கவனிப்பில்லாமல் காய்ந்துகிடக்க, கூடுதல் வணக்கத்தில் மூழ்கியிருப்பது அந்த இரவில் திருத்தப்பட்டுவிட்டது.

ஓட்டை

"இரண்டு அருட்கொடைகள் விஷயத்தில் மக்களில் பலர் நட்டப்பட்டுப் போகிறார்கள்: ஆரோக்கியமும் ஓய்வு நேரமும்." புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது. நட்டப்பட்டவர் என்பதற்கு மூலத்தில் வரும் 'மக்பூன்' வியாபாரச் சொல், விலைமதிப்புள்ளதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்து ஏமாந்தவர். யார் அந்த மலிவு விலைக்கு வாங்குகிறார் என்று கேட்டால், நம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செல்போனைத் திட்டி நிறைய எழுதியாயிற்று, நான் வேறு எழுத வேண்டாம். பொழுதுபோக்கு ஹராமும் அல்ல. ஆனால் எடுத்தது எதற்காக என்று மறந்துபோன பிறகும் விரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறதே, அந்த நிமிடத்தில் தண்ணீர் சிமெண்ட் தரையில் போய்க்கொண்டிருக்கிறது.

பொய், மறைப்பு, அடுத்தவர் ஹக்கைத் தின்பது ஆகியவையும் ஓட்டைகள்தான். அலுவலகத்தில் வேலை நேரத்தைத் திருடிக்கொண்டு சம்பளத்தில் பரக்கத் இல்லை என்று புலம்புவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஒட்டகத்தைக் கட்டிய பிறகு

எல்லாம் சரியாகச் செய்தும் சில நாட்கள் கையை விட்டுப் போய்விடும். குழந்தைக்குக் காய்ச்சல், வராத பணம், நின்றுபோன வேலை. இங்கேதான் தவக்குல் வருகிறது: செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கவா, கட்டாமல் நம்பிக்கை வைக்கவா என்று ஒருவர் கேட்டபோது, "கட்டிவிட்டு நம்பிக்கை வை" என்றார்கள் நபி (ஸல்). பறவைகள் உதாரணமும் அவர்கள் சொன்னதுதான். காலையில் ஒட்டிய வயிற்றோடு போகின்றன, மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன. கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, போகின்றன.

தவக்குல் உள்ளவரின் நாளும் கெடும். கெட்ட நாளை முதுகில் தூக்கிக்கொண்டு அடுத்த நாளுக்குள் நுழையாமல் இருக்க அது உதவும்.

படுக்கும் நேரம்

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) விரும்பவில்லை என்று அபூ பர்ஸா (ரலி) அறிவிக்கிறார்கள். நாளைய ஃபஜ்ர் இன்றைய இஷாவுக்குப் பிறகே முடிவாகிவிடுகிறது என்பது பின்தூங்கும் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. விளக்கை அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் போதும். "ஒவ்வோர் ஆன்மாவும் நாளைக்காகத் தான் எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்" (59:18) என்ற வசனத்தின்படி இன்றைய நாளைத் திருப்பிப் பார்ப்பது. இதற்கு முஹாசபா என்று பெயர், நமக்கு நாமே கேட்கும் கணக்கு. எத்தனை வேலை முடிந்தது என்பது அங்கே இரண்டாவது கேள்வி. யாருடைய ஹக் பாக்கி நிற்கிறது என்பது முதல் கேள்வி. பதில் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாகவோ ஒரு மன்னிப்பாகவோ இருக்கும்.

அப்புறம் தூங்கலாம், அதையும் நிய்யத்தோடு. யமனுக்கு அனுப்பப்பட்டிருந்த அபூ மூஸா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) இருவரும் ஒருமுறை சந்தித்தபோது, நீங்கள் குர்ஆனை எப்படி ஓதுகிறீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அபூ மூஸா இரவும் பகலும் விட்டுவிட்டு ஓதுவதாகச் சொன்னார். முஆத், நான் இரவின் முதல் பகுதியில் தூங்கிவிடுகிறேன், தூக்கத்தின் பங்கைக் கொடுத்துவிட்டு எழுந்து ஓதுகிறேன் என்றார். "நின்று தொழுவதில் எந்தக் கூலியை எதிர்பார்க்கிறேனோ, அதையே என் தூக்கத்திலும் எதிர்பார்க்கிறேன்."